இடம், காலம், கருவி: கன்னக்களவுச் சட்டமும் பழவேற்காட்டு மீனவர் ஊர்களும்

முன்னுரை

சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில், கோவலனைக் கண்டு தயங்கும் காவலரிடம் பொற்கொல்லன் கள்வர்க்குத் துணையாகும் எட்டினை அடுக்குகிறான். அவை மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்பன. இவற்றுள் இறுதி மூன்றும், வீடு புகுந்து செய்யும் களவைத் தரம் பிரிக்க இன்றைய குற்றவியல் சட்டம் கொள்ளும் அளவுகோல்களாகவும் அமைகின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகளை இம்மூன்றின்வழி விளக்கி, பழவேற்காடு ஏரிக்கரை மீனவர் ஊர்களின் வாழ்க்கைச் சூழலில் அவை பொருந்துமாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

இடம்

கன்னக்களவுக்கு அடிப்படை, வீட்டினுள் அத்துமீறி நுழைதல். பிரிவு 329இன்படி அவ்விடம் மனிதர் வாழும் கட்டடம், கூடாரம் அல்லது கலமாகவோ, வழிபாட்டுக்கோ பொருட்காப்புக்கோ பயன்படும் கட்டடமாகவோ இருத்தல் வேண்டும். மக்களையோ பொருளையோ நீரில் ஏற்றிச் செல்ல அமைந்த எதுவும் கலமே. எனவே மீன்பிடிப் படகும் கலமாகும். ஆயினும் அதில் எவரும் வாழாதபோது, அதனுள் நுழைவது வீட்டினுள் நுழைதல் ஆகாது. பூட்டிய வலைக்கொட்டகையோ பொருட்காப்புக்குரிய கட்டடம் என்னும் வகையில் வீட்டுக்கு நிகராகும்.

களவுப் பிரிவு 305 இதனினும் விரிந்தது. பொருள் வைத்துக் காக்கப் பயன்படும் கலத்திலிருந்து திருடுவதும் அதில் அடங்கும். தண்டனை ஏழு ஆண்டு வரை. ஆகவே கரையேற்றிய படகிலிருந்து வலை களவு போயின், அப்படகு பொருட்காப்புக்குப் பயன்பட்டதா என்பதே வழக்கின் மையக் கேள்வியாகும். ஏரியில் கட்டிய வலையைத் திருடுவது பிரிவு 303இன்கீழ் மூன்று ஆண்டு வரை தண்டனைக்குரிய எளிய களவு. வலையில் அகப்பட்ட மீன் பிடித்தவரின் உடைமை. பொதுநீரில் திரியும் மீன் எவர் உடைமையுமன்று. எனவே கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களில் முறைவைத்து மீன்பிடி இடங்களைப் பகிரும் ‘பாடு’ வழக்கத்தை மீறுவது ஊர்நீதிக்குப் பெருங்குற்றமாயினும், சட்டத்தின் கண்ணில் கன்னக்களவு ஆகாது.

காலம்

கதிரவன் மறைந்தது முதல் எழும் வரையிலான பொழுதைச் சட்டம் தனித்து நோக்குகிறது. களவு செய்யும் நோக்குடன் வீட்டை உடைத்துப் பகலில் நுழைந்தால் பத்து ஆண்டு வரையும், இரவில் நுழைந்தால் பதினான்கு ஆண்டு வரையும் சிறையும், அவற்றுடன் அபராதமும் விதிக்கப் பிரிவு 331 இடமளிக்கிறது. ஆண்கள் இரவில் தொழிலுக்குச் சென்றிருக்க, பெண்டிரும் முதியோரும் சிறாருமே தங்கும் வீடுகளுக்கு இவ்வேறுபாடு பொருள் மிக்கது.

கருவி

பிரிவு 330 உடைத்து நுழைதலுக்கு ஆறு வழிகளைக் கூறுகிறது. தானே வழி உண்டாக்குதல், மனிதர் நுழைவதற்கல்லாத வழியில் புகுதல் அல்லது சுவரேறுதல், பூட்டைத் திறத்தல், வன்முறையைக் கையாளுதல் முதலியன அவை. மதுரைக்காஞ்சி காட்டும் கள்வரின் உளியும் நூலேணியும் முறையே முதலிரு வழிகளின் பழைய கருவிகள். ஓலைக்கூரையைப் பிரித்து இறங்குவதும் தானே வழி உண்டாக்குதலேயாகும். திறந்திருந்த கதவின்வழி நுழைவது உடைத்து நுழைதல் அன்று. தன்னை மறைத்துக்கொள்ள முன்னேற்பாடு செய்திருந்தால் அது மறைந்து நுழைதல் ஆகும். இருள் மட்டும் அத்தகைய முன்னேற்பாடு ஆகாது.

தண்டனையும் சமரசமும்

பதினான்கு ஆண்டு என்பது மேல்வரம்பு மட்டுமே. இவ்வழக்கை விசாரிக்கும் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் மூன்று ஆண்டுக்கு மேல் சிறை விதிக்க இயலாது. மிகுதி வேண்டுமெனக் கருதினால் தலைமை நீதித்துறை நடுவருக்கு அனுப்புதல் வேண்டும். எளிய களவில் பொருளுக்குரியவர் சமரசம் செய்துகொள்ளலாம். ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை மீட்டளித்தால், முதன்முறை தண்டனை பெறுபவருக்குச் சமூகப் பணியே தண்டனையாகும். இரவில் வீட்டை உடைத்துத் திருடும் குற்றமோ சமரசத்துக்குரியதன்று. ஊர்ப் பஞ்சாயத்தார் அபராதம் வாங்கிப் பொருளை மீட்டுத் தந்தாலும் வழக்கு அதனால் முடிவுறாது. இதனை அறியாது ஊரில் முடிந்ததெனக் கருதி நீதிமன்றத் தவணைக்குச் செல்லாதவர் மீது பிடியாணை பிறக்கக்கூடும்.

சான்று

களவுப் பொருளைக் களவு நிகழ்ந்த அண்மையில் வைத்திருப்பவர், அது தமக்கு வந்த வகையை விளக்காவிடில், அவரைக் கள்வர் என்றோ, களவுப் பொருளென அறிந்தே பெற்றவர் என்றோ நீதிமன்றம் ஊகிக்கலாம் என்கிறது பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 119. கோவலன் கையிலும் சிலம்பு இருந்தது. ஆயின் அவனுக்கு விளக்கும் வாய்ப்பு அளிக்கப்படவில்லை. அது அரசியின் சிலம்புதானா என்றும் எவரும் ஆராயவில்லை. மாணிக்கப் பரலா முத்துப் பரலா என்னும் அடையாளச் சோதனை, உயிர் போன பின்னரே கண்ணகியால் நிகழ்ந்தது. பழவேற்காட்டில் அப்பரலின் இடத்தைப் படகு இயந்திரத்தின் எண்ணும், வலையில் உரியவர் இட்ட குறியும் பெறுகின்றன. புகாரில் அவற்றைப் பதிவு செய்வது பொருளை இழந்தவருக்கும், பிழையாகக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் ஒருசேரக் காப்பாகும்.

முடிவுரை

ஒரே வலை ஏரியிலிருந்து களவுபோயின் மூன்று ஆண்டு. பொருட்காப்புக்குரிய கலத்திலிருந்து எனில் ஏழு ஆண்டு. பூட்டிய கொட்டகையை இரவில் உடைத்து எடுத்தால் பதினான்கு ஆண்டு. பொருளின் விலையினும் இடமும் காலமும் வழியுமே தண்டனையின் எல்லையை வரையறுக்கின்றன. எனவே முதல் தகவல் அறிக்கையில் இம்மூன்றும் தெளிவுறப் பதிவாதல் வேண்டும். பொற்கொல்லன் இவற்றைக் கள்வரின் திறமையாக மட்டும் எடுத்துரைத்தான். காவலர் அவ்வுரையையே சான்றாகக் கொண்டனர். சட்டமோ இவற்றை ஒவ்வொன்றாக மெய்ப்பிக்க வேண்டிய கூறுகளாகக் கொள்கிறது. கோவலனுக்குக் கிட்டாத காப்பு அதுவேயாகும்.