பாலிசி இருந்தும் கைக்காசு கரைவது ஏன்?

மேலூர் பக்கத்துத் திருவாதவூர், மாணிக்கவாசகர் பிறந்த ஊர். வாத நோய் தீர வேண்டிக்கொண்டு மக்கள் வருகிற தலமும்கூட. வேண்டுதல் ஒருபுறம் இருக்க, மூட்டு தேய்ந்து போனவர்கள் ஆபரேஷனுக்கு மதுரை தனியார் ஆஸ்பத்திரிகளைத் தேடிப் போவதும் நடக்கிறது. 'அதான் மெடிக்ளெய்ம் இருக்கே, என்ன கவலை?' என்று ஒரு தைரியம். டிஸ்சார்ஜ் அன்றைக்குத்தான் தெரிகிறது, பெரிய தொகை நம் தலையில் என்று!

ஏன் இப்படி? முக்கியமான காரணம், நீங்கள் எடுக்கும் அறை.

சில பாலிசிகளில் அறை வாடகைக்கு வரம்பு உண்டு. 3 லட்ச ரூபாய் பாலிசியில் 1 சதவிகிதம் என்றால், நாளுக்கு 3,000 ரூபாய். நீங்கள் 6,000 ரூபாய் ஏ.ஸி. அறை எடுத்தால், வித்தியாசம் 3,000 தானே என்று நினைப்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். அறை பாதிக்குப் பாதி என்றால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ், நர்ஸிங் எல்லாவற்றிலும் பாதிதான் தருவார்கள்!

ஒரு கணக்குப் போடுவோம். (தொகைகள் உதாரணத்துக்குத்தான்.)

நான்கு நாள் அறை வாடகை 24,000, கிடைப்பது 12,000.
டாக்டர், தியேட்டர், நர்ஸிங் 1,20,000, கிடைப்பது 60,000.
செயற்கை மூட்டு 70,000, முழுசும் கிடைக்கும்.
மருந்து, பரிசோதனை 20,000, முழுசும் கிடைக்கும்.
கையுறை போன்ற சில்லறைச் சாமான்கள் 6,000. பல பாலிசிகளில் ஒன்றும் கிடையாது.

மொத்த பில் 2,40,000. கம்பெனி தருவது 1,62,000. மீதி 78,000 உங்கள் பாக்கெட்டிலிருந்து. 'கோ-பே' 10 சதவிகிதம் என்று பாலிசியில் இருந்தால், இன்னும் 16,200 போச்சு. மூத்த குடிமக்கள் பாலிசிகளில் இதை அவசியம் பாருங்கள்.

மருந்து, பரிசோதனை, உடம்பில் பொருத்தும் சாதனம், ஐ.ஸி.யூ. கட்டணம் இவற்றில் இந்த விகிதக் கழிவைச் செய்யக்கூடாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2020-ல் விதி போட்டது. அறைக்குத் தக்கபடி கட்டணத்தை மாற்றாத ஆஸ்பத்திரியிலும் கழிக்கக்கூடாது. பில்லில் இதைச் சரிபாருங்கள்.

இன்னொன்று, காத்திருப்புக் காலம். மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பல பாலிசிகளில் 2 வருடம் பொறுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதிகபட்சம் 3 வருடம் என 2024-ல் ஆணையம் குறைத்திருக்கிறது. ஆகவே, வலி வந்த பிறகு பாலிசி எடுப்பது கைகொடுக்காது.

அட்மிட் ஆகும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்:

எனக்கு அனுமதிக்கப்பட்ட அறை வாடகை எவ்வளவு?
கோ-பே உண்டா, எத்தனை சதவிகிதம்?
பாலிசியில் வராத செலவுகள் எவை?

பணத்தை அநியாயமாகப் பிடித்துவிட்டார்களா? முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி இல்லையென்றாலோ, சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது.

பாலிசிப் பத்திரம் பீரோவில் தூங்குகிறதா? இன்றைக்கே எடுத்து, 'அறை வாடகை' என்ற வரியை முதலில் படியுங்கள்.