தாங்குகட்டையும் சட்டகமும்: கருவியும் உடலளவும் பற்றிய ஒரு நோக்கு

துவக்கின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் குழலையும் வெடிமருந்தையும் பற்றியே பேசுவர். அக்குழலைத் தாங்கி, சுடுபவரின் கன்னத்திலும் தோளிலும் பதியும் மரப்பகுதி அவர்தம் கவனத்துக்கு அரிதாகவே உட்படுகின்றது. அதனைத் தாங்குகட்டை என இங்கு வழங்குவோம். ஒரு கருவி யாருடைய உடலுக்காகச் செய்யப்படுகின்றது என்று வினவுமிடத்து, குழலைவிடக் கட்டையே நமக்கு அதிகம் கூறுகின்றது.

பழைய கட்டைகள் பெரும்பாலும் வால்நட் மரத்தாலானவை. இலண்டன் நகரத் துவக்குச் செய்வோர், தையற்காரர் போன்று, வாடிக்கையாளரின் கைநீளத்தையும் கழுத்தையும் அளந்தே அவற்றைச் செதுக்கினர். அவ்வசதி வேட்டையாடும் செல்வர்க்கே வாய்த்தது என்பது சொல்லாமலே விளங்கும்.

படைவீரனுக்கு அவ்வாறு அளவெடுப்பார் இலர். 1819இல் தோமஸ் பிளாஞ்சாட் என்னும் அமெரிக்கர், ஒழுங்கற்ற வடிவங்களைக் கடையும் இயந்திரமொன்றை ஆக்கினார். மாதிரிக் கட்டையொன்றின் மேற்பரப்பை ஒரு சில்லு தடவிச் செல்ல, அதே அசைவைப் பின்பற்றி வெட்டலகு மற்றொரு மரத்தைச் சீவும். 1820களின் நடுப்பகுதியளவில் ஸ்பிறிங்பீல்ட் ஆயுதசாலையில் இத்தகைய 14 இயந்திரங்கள் கட்டைவேலையைத் தம்முட் பகிர்ந்துகொண்டன. 1854இல் அதனைக் கண்ட பிரித்தானியக் குழுவினர் அவ்வகை இயந்திரங்களை என்பீல்டுக்கு வரவழைத்தனர். செதுக்குவோன் இயந்திரத்துக்கு மரம் ஊட்டுவோன் ஆயினான். மாதிரிக் கட்டையின் அளவே வீரர் அனைவரதும் அளவாயிற்று. பின்வந்த லீ-என்பீல்ட் துவக்கின் பிடங்குகள் அரை அங்குல வேறுபாட்டுடன் சில நீளங்களில் வழங்கப்பட்டமை, மனித உடலுக்குச் செய்யப்பட்ட சிறு சலுகை எனலாம்.

மரத்துக்கு இயல்பான குறையொன்று உண்டு. அது ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். வளைந்து குழலை அழுத்தின், குண்டு படும் இடம் மாறும். வியட்நாமில் அமெரிக்கக் கடற்படைத் தரைவீரர் 1966 முதல் கையாண்ட எம் 40 துவக்கின் வால்நட் கட்டைகள் இவ்வாறே பழுதுற்றன. 1970களில் கண்ணாடியிழைக் கட்டைகள் அவற்றின் இடத்தைப் பெற்றன.

அலுமினியச் சட்டகத்தின் வரவு வேறொரு திசையிலிருந்து நிகழ்ந்தது. 1984, 1988 ஆகிய ஈர் ஒலிம்பிக் போட்டிகளிலும் தங்கம் வென்ற மல்கம் கூப்பர், 1978இல் துவக்கு நிறுவனமொன்றை ஏனையோருடன் சேர்ந்து தொடங்கியவர். போட்டிக்காரர் தம் கட்டைகளை உடலுக்கேற்ப மாற்றியமைப்பது நெடுநாள் வழக்கம். அந்நிறுவனத்தின் எல் 96, 1980களிற் பிரித்தானியப் படையினுட் புகுந்தது. அதில் உலோகச் சட்டகமே முதுகெலும்பு. இருபுறமும் திருகாணிகளால் இணைந்த பிளாஸ்ரிக் பகுதிகள் வெறும் உடை. 2010இல் வெளிவந்த அமெரிக்க எம் 2010 துவக்கிலோ கன்னம் பதியும் உயரம், பிடங்கின் நீளம் ஆகியவற்றை வீரர் தாமே திருத்தலாம்.

ஒருகாலத்துச் செல்வரின் உரிமை இவ்வாறு பொதுவாயிற்று என மகிழலாமா? உடலளவு மீண்டது மெய்யே. அளவெடுத்த கை மீளவில்லை. முன்னர் உலோகத்திற் புகைக்கரி பூசி, மரத்திற் பொருத்தி, கரி ஒட்டிய இடத்தை உளியாற் சுரண்டி, மீண்டும் பொருத்திப் பார்ப்பர். அது நாட்கணக்கான வேலை. பல சட்டகங்களில் கணினி வெட்டிய ஆப்பு வடிவப் பள்ளம் அதனை இரு திருகாணிகளுடன் முடித்துவிடுகின்றது. மேலும், மரக்கட்டை பிளந்தால் ஊர்த் தச்சர் ஒட்டித் தருவார். சட்டகத்தின் பூட்டு உடைந்தால் தொழிற்சாலைக்கே எழுதிக் காத்திருத்தல் வேண்டும்.