'குட்' என்றால் நல்லதல்ல!
பாவித்த இசைத்தட்டு வியாபாரம் தரும் பாடம்

பாவித்த பொருட்களை விற்கும் ஒவ்வொரு வியாபாரிக்கும் ஒரு சோதனை உண்டு. பொருளின் குறையை வாங்குபவரிடம் எந்தளவுக்குச் சொல்வது என்பதே அது. பழைய இசைத்தட்டு விற்பவர்கள் இதற்கென எழுத்திலேயே ஒரு தரவரிசையை வைத்திருக்கின்றனர்.

அமெரிக்காவில் 1974இல் ஆரம்பிக்கப்பட்ட 'கோல்ட்மைன்' சஞ்சிகையின் தரவரிசையே இன்று பரவலாகப் பின்பற்றப்படுகிறது. 'டிஸ்கொக்ஸ்' இணையச் சந்தையும் இதனையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. எக்குறையும் அற்றது 'மின்ட்'. அடுத்தது 'நியர் மின்ட்'. பின்னர் 'வெரி குட் பிளஸ்', 'வெரி குட்', 'குட்' என இறங்கி 'புவர்' வரை செல்லும். இதில் 'குட்' பெயரளவில்தான் நல்லது. தட்டு ஓடும், ஆனால் இரைச்சலும் கீறல் சத்தமும் கூடவே கேட்கும்.

'நியர் மின்ட்' தட்டொன்று 100 டொலர் என்றால், 'வெரி குட் பிளஸ்' சுமார் 50, 'வெரி குட்' சுமார் 25, 'குட்' 10 முதல் 15 டொலர் வரையே பெறும். அதாவது, ஒரு படி கூட்டிச் சொன்னால் விலை இரட்டிப்பாகிவிடும். ஷைத்தான் நுழையும் வாசல் இதுதான்.

எனவே, அனுபவசாலிகள் தட்டைப் பிரகாசமான விளக்கின் கீழ் சாய்த்துப் பார்ப்பார்கள். கீறல் நகத்தில் தட்டுப்படுகிறதா, தட்டு வளைந்துள்ளதா, நடுத்துளையைச் சுற்றித் தேய்மானம் உள்ளதா எனக் கவனிப்பார்கள். பார்வைக்குச் சுத்தமான தட்டும் தேய்ந்த ஊசியால் கெட்டிருக்கலாம். ஆகவே, பெறுமதியானதை ஓடவிட்டும் கேட்பார்கள். உறைக்குத் தனியாகத் தரமிடுவார்கள். கிழிசல், பேனை எழுத்து, தட்டின் வட்டத் தழும்பு அனைத்தையும் குறிப்பிடுவார்கள். இரு தரங்களுக்கிடையே சந்தேகம் வந்தால் குறைந்ததையே எழுதுவார்கள். தபாலில் வாங்குபவர் பொருளைக் கையிலெடுத்துப் பார்ப்பதில்லை. விற்பவரின் சொல்தான் அவருக்குக் கண்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்ததாக வியாபாரி கூறினார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா எனக் கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள்.

கையடக்கத் தொலைபேசி, மோட்டார் சைக்கிள், தையல் இயந்திரம் என எதை விற்றாலும் இதே முறை பொருந்தும். தரங்களை எழுதிக் கடையில் தொங்கவிடுங்கள். குறையைப் பற்றுச்சீட்டிலேயே குறிப்பிடுங்கள். இன்று ஒரு தொகை குறையலாம். ஆனால் வாங்கியவர் பொருளைத் திருப்பிக்கொண்டு வரமாட்டார். இன்னொரு வாடிக்கையாளரைத்தான் அழைத்து வருவார். பரக்கத்தும் அதில்தான் இருக்கிறது.