தெருவோடு ஒரு சிநேகம்

எங்கள் ஊர் வெம்பக்கோட்டை. சிவகாசிப் பக்கம். வைப்பாற்று அணையும், சுற்றிலும் பட்டாசு ஆலைகளுமாக இருக்கிற ஊர். பட்டாசு ஆலையை நாங்கள் ‘பயர் ஆபீஸ்’ என்றுதான் சொல்வோம். எங்கள் தெருவில் பல வீடுகளில் யாராவது ஒருவர் பயர் ஆபீஸுக்கோ தீப்பெட்டி ஆபீஸுக்கோ போகிறவர்தான். என் நாத்தனாரும் போகிறாள்.

இங்கே தெரு என்பது வீட்டின் இன்னொரு கூடம் மாதிரி. அரிசி புடைப்பது, பிள்ளைக்குச் சோறூட்டுவது, தலை பின்னுவது எல்லாம் வாசலில்தான். தூரத்தில் ‘டமார்’ என்று ஒரு சத்தம் கேட்டால் போதும். கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு அத்தனை பெண்களும் தெருவுக்கு ஓடி வருவோம். “எந்தப் பக்கம்? யாரு ஆபீஸு?” என்று கேட்டுக்கொண்டே நிற்போம். யார் வீட்டில் யார், எந்த ஆபீஸுக்குப் போயிருக்கிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும். தகவல் வருகிற வரை ஒருத்தி கையை ஒருத்தி விடமாட்டோம்.

இப்படிப்பட்ட தெருவில் வாழ்ந்த நான் 2013-இல் மதுரைக்குக் குடிபோனேன். என் கணவருக்கு அங்கே ஒரு காகிதக் கடையில் கணக்கெழுதும் வேலை. ஆறு வருஷம் அங்கே இருந்தோம். பட்டணத்துத் தெருவைப் பார்த்து நடுங்கிய நான், அதோடு சிநேகமான கதையைத்தான் சகோதரிகளுக்குச் சொல்லப் போகிறேன்.

நாலு சுவருக்குள்ளே

தெற்கு மாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் காம்பவுண்டு வீடு. ஆறு குடித்தனம், ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். ஒன்பது மணிக்கு அவர் கடைக்குப் போய்விடுவார். ஏழு வயது மகள் பள்ளிக்கூட வேனில் ஏறிவிடுவாள். அப்புறம் நானும் டி.வி.யும்தான். கடைக்குப் போகட்டுமா என்று கேட்டால், “வழி தெரியாம அலையாதே, நானே வாங்கியாரேன்” என்பார். அன்பாகத்தான் சொல்வார். ஆனால் எட்டு மாசம் அப்படியே ஓடிவிட்டது!

எடை ஏறியது. தூக்கம் போயிற்று. காரணமில்லாமல் அழுகை வந்தது. டாக்டரம்மாவிடம் போனபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை 118 என்று வந்தது. நூறுக்குள் இருக்க வேண்டும், 126-ஐத் தொட்டால் நீரிழிவு, நீங்கள் நடுவிலே நிற்கிறீர்கள் என்று விளக்கினார். “இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். சாப்பாட்டைக் கவனியுங்கள், தினமும் நடங்கள். வாரத்துக்கு 150 நிமிஷமாவது கை வீசி நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது” என்றார்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எங்கே நடப்பது? யாரைத் தெரியும் இந்தத் தெருவில்?

ஒரு நாள் சாயங்காலம் அடுப்பில் ரசம் கொதித்துக் கொண்டிருந்தது. ‘டமார்’ என்று வெளியே ஒரு சத்தம். எனக்கு எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே மறந்து போயிற்று. செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன். வாசலில் நான் மட்டும்தான் நின்றேன். வேறு ஒரு கதவும் திறக்கவில்லை. ஆட்டோ ஒன்று ஒலி எழுப்பி என்னை ஒதுங்கச் சொன்னது.

“என்ன தாயி, யாரைத் தேடுற?”

சந்து முனையில் பூ விற்கிற அம்மா. அறுபது வயதிருக்கும். தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன், பேசியதில்லை. “பெரிய சாவு ஒண்ணு போகுது, வேட்டுப் போடுறாக. எந்த ஊரு நீ?” என்று கேட்டார். சொன்னேன். “வெம்பக்கோட்டையா... அதான்” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. கடைப்படியில் உட்கார வைத்து, தன் பாட்டில் தண்ணீரைக் கொடுத்தார். எட்டு மாசத்தில் அன்றுதான் அந்தத் தெருவில் ஒருத்தர் என்னைப் பார்த்தார் என்று தோன்றியது.

கோபுரமே திசைகாட்டி

மறுநாள் பூ வாங்குகிற சாக்கில் போனேன். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த வருஷம் அது. ஒரு முழம் வாங்க அரை மணி நேரம் பேசினேன்! எனக்கு வழி தெரியாது என்றதும் அந்த அம்மா சிரித்தார். தொடுத்த சரத்தை மடியில் வட்டமாகச் சுற்றிக் காட்டினார்.

“நடுவுல அம்மன் கோயிலு. அதைச் சுத்தி ஒண்ணு மேல ஒண்ணா வீதி. இதுல எப்படித் தாயி தொலைஞ்சு போவ?”

உண்மைதான் சகோதரிகளே! கோயிலுக்குள்ளே ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி. அதற்கடுத்து ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நாலு பக்கம். ஆக, வீதியின் பெயரைப் படித்தாலே கோயிலுக்கு எந்தத் திசையில், எத்தனையாவது சுற்றில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். குழம்பினால் நிமிர்ந்து கோபுரத்தைத் தேட வேண்டும். நாலு பெரிய கோபுரங்களில் தெற்குக் கோபுரம்தான் உயரம். எங்கள் வீடு அந்தப் பக்கம் என்பதால் எனக்கு அதுவே திசைகாட்டி.

முதல் வாரம் தெற்கு மாசி வீதி மட்டும். மறு வாரம் ஒரு திருப்பம் கூட. ஒரு மாசத்தில் நாலு மாசி வீதியையும் சுற்றி வந்துவிட்டேன். அவரிடம் சொன்னபோது நம்பவில்லை. “விளக்குத்தூண் எங்கே இருக்கு, சொல்லு பார்ப்போம்” என்றார். வழி சொன்னேன். “எனக்கே தெரியாத சந்தெல்லாம் சொல்றியே!” என்று சிரித்தார். அதற்கப்புறம் ‘அலையாதே’ என்ற பேச்சு வீட்டில் எழவில்லை.

தெருவுக்குத் தெரு ஒரு கதை

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளையும் கூட்டிக் கொண்டு போக ஆரம்பித்தேன். கீழ மாசி வீதியில் மளிகை மொத்தக் கடைகள். மிளகாய் நெடியில் தும்மிக் கொண்டே நடக்க வேண்டும். தெற்கு ஆவணி மூல வீதியில் வரிசையாக நகைக் கடைகள். கண்ணால் பார்க்கக் காசா, பணமா?

பெயர்களைக் கேட்டுக் கொண்டே போனால் அதுவே பாடம். ஆவணி மூலத் திருவிழாவில் சொக்கநாதரின் திருவிளையாடல்கள் நடக்கும். அதில் ஒன்று, வணிகர் தெருவில் சுவாமியே வளையல்காரராக வந்து பெண்களுக்கு வளையல் போட்டுவிட்ட கதை. மகளுக்கு அதை எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது. பிற்பாடு, 2022-இல் எங்கள் ஊர்ப் பக்கம் தொடங்கிய அகழாய்வில் சங்கு வளையல்கள் கிடைத்தபோது, “அம்மா, வளையல்காரர் நம்ம ஊருக்கும் வந்திருக்கார்!” என்று குதித்தாள்.

மாசி வீதியில் தேர் ஓடுவது சித்திரையில்! ஏன் என்று கேட்டேன். முன்பு மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றிவிட்டார் என்று சொல்வார்களாம். மேல மாசி வீதியில் இப்போது கதர்க் கடை இருக்கிற கட்டடத்தில்தான் 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி காந்திஜி சட்டை, தொப்பியை விட்டு நாலு முழ வேட்டிக்கு மாறினார். பழைய கோட்டைச் சுவரை 1840-ஐ ஒட்டிய வருஷங்களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து ஊரை அகலப்படுத்தினார். அவர் நினைவாக நிற்பதுதான் விளக்குத்தூண். அந்த வேலையைப் பார்த்த மாரட்டுக்கும் பெருமாள் மேஸ்திரிக்கும் ஆளுக்கொரு வீதி. மேஸ்திரி பேரில்கூட வீதி இருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆறு மாசத்தில் சர்க்கரை 98-க்கு இறங்கியது. அழுகை எப்போது நின்றது என்று சொல்லத் தெரியவில்லை.

ஒரு ராத்திரி

2015 சித்திரைத் திருவிழா. தேர் பார்க்க ஊரிலிருந்து பதினாலு பேர் வந்துவிட்டார்கள். அழகர் ஆற்றில் இறங்குவதையும் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். எங்கள் ஒற்றை அறையில் எப்படிப் படுப்பது? பெரியவர்களையும் கைக்குழந்தைகளையும் உள்ளே படுக்க வைத்துவிட்டு, நானும் நாத்தனாரும் இன்னும் நாலு பேரும் மாசி வீதிக் கடைப்படியில் துண்டை விரித்தோம். வீதி முழுக்க அப்படித்தான், வெளியூர் ஜனங்கள்.

பூக்கார அம்மாதான் எங்களுக்கு இடம் காட்டினார். “சுவர் ஓரமாத் தலையை வைங்க. பையைத் தலைக்கு வச்சு, வாரைக் கையில சுத்திக்கங்க. ஒருத்தி முழிச்சிருக்கணும்” என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எங்களுக்கோ ஒரே சிரிப்பும் கும்மாளமும்தான்.

இரண்டு மணிக்கு எனக்குச் சிறுநீர் முட்டியது. எழுந்து வீட்டுக்குப் போய் வந்தேன். திரும்பி வந்து படுக்கும்போது பார்த்தேன். அந்த அம்மா பூக்கூடைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தே கண்ணயர்ந்திருந்தார். அவர் கடையை எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் என்று இரண்டு வருஷமாக நினைத்துக் கொண்டிருந்தேன். அவருக்கு வீடே அதுதான்! எங்களுக்கு ஒரு ராத்திரித் திருவிழா, அவருக்கு அன்றாடம்.

மறுநாள் கூசிக் கூசிக் கேட்டேன், “கக்கூஸுக்கு என்னம்மா செய்வீங்க?” என்று. “பொதுக் கழிப்பிடம் தூரம். ராத்திரி பூட்டிருவாக. அதான் மத்தியானத்துக்கு மேல தண்ணியே குடிக்கிறதில்ல” என்றார். அடிக்கடி நீர்க்கடுப்பு, குளிர் ஜுரம் என்று அவர் படுத்ததெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் இருந்தால் அந்த நோய் வரும், கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரைக்கும் போகும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருக்கிறார். அன்று எனக்குத் தாகத்துக்குக் கொடுத்தாரே ஒரு பாட்டில் தண்ணீர், அவர் குடிக்காமல் வைத்திருந்த தண்ணீர் அது!

ஒரு சாவி

எங்கள் காம்பவுண்டில் இரண்டு கக்கூஸ் இருக்கிறதே, ராத்திரியில் ஒன்றை அவர் உபயோகிக்கட்டும் என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன். “இன்னிக்கு ஒருத்தி, நாளைக்குத் தெருவே வரும்” என்று மறுத்துவிட்டார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. யார் கழுவுவது? ராத்திரி யார் கதவு திறப்பது?

ஆறு குடித்தனப் பெண்களும் குழாயடியில் கூடிப் பேசினோம். கழுவுகிற முறையில் பூக்கார அம்மாவும் ஒரு நாள். பின் கதவுக்குத் தனிச் சாவி, அது அவரிடம். பிரச்சினை வந்தால் பொறுப்பு நான். மூன்று பேர் சரி என்றார்கள், ஒருத்தி முகத்தைத் திருப்பிக் கொண்டாள், ஒருத்தி ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரம்மா, “ஒரு மாசம் பார்ப்போம்” என்றார். அந்த ஒரு மாசம் நாங்கள் ஊரை விட்டு வருகிற வரைக்கும் நீண்டது. அந்த அம்மா வயிறாரத் தண்ணீர் குடித்தார். ஜுரம் வருவது குறைந்தது. முதல் நாள் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்து கொண்டபோது, “எனக்கும் ஒரு கதவு இருக்கு தாயி” என்றார்.

தெரு வியாபாரிகளுக்கென்று 2014-இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டு வந்தது. நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்பது அதில் உள்ள விதி. உங்கள் தெருவில் பூ, கீரை விற்கிற பெண்களுக்கு இதைச் சொல்லுங்கள். பலருக்குத் தெரிவதில்லை.

புதிதாகக் குடிபோகிறவர்களுக்கு...

● முதல் வாரம் ஒரே தெரு. போன வழியிலேயே திரும்புங்கள். பிறகு தினம் ஒரு திருப்பம் கூட்டுங்கள்.

● கோபுரமோ, தண்ணீர்த் தொட்டியோ, உயரமான ஒன்றை அடையாளம் வைத்துக் கொள்ளுங்கள்.

● குழந்தைக்கு முகவரியும் போன் நம்பரும் மனப்பாடமாக இருக்கட்டும். ‘தொலைந்தால் ஓடாதே, நின்ற இடத்திலேயே நில்’ என்று சொல்லிக் கொடுங்கள்.

● வார் வைத்த, அழுத்தமான செருப்புப் போடுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள், வழியில் கழிப்பிடம் எங்கே என்று முதலிலேயே விசாரித்து வையுங்கள்.

● தெருவில் ஒருத்தரோடாவது பேச்சு வைத்துக் கொள்ளுங்கள். பூக்காரம்மாவோ, இஸ்திரிக்காரரோ, யாரானாலும் சரி.

2019-இல் மாமனாருக்கு முடியாமல் போகவே வெம்பக்கோட்டைக்கே திரும்பிவிட்டோம். இப்போதும் விடிகாலையில் நாலைந்து பெண்கள் சேர்ந்து அணை வரைக்கும் நடக்கிறோம். சித்திரைக்கு மதுரை போனால் முதலில் அந்தச் சந்து முனைக்குத்தான் போவேன். போன தடவை அந்த அம்மா என்னை உட்கார வைத்து, மகள் தலையில் பூ வைத்துவிட்டு, “ஊர்ல சத்தம் ஒண்ணும் இல்லையே தாயி?” என்று கேட்டார்.

“இல்லம்மா” என்றேன். முந்தானை முடிச்சில் சாவி இன்னும் இருந்தது.