சாயம் ஏறிய சொற்கள்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

"அவன் சாயம் வெளுத்துவிட்டது" என்று நாம் சொல்வதுண்டு. போலி வேடம் கலைந்தது என்பது அதன் பொருள். நம் வழக்கில் சாயம் என்பது மேலே பூசியது. என்றாவது ஒருநாள் வெளுக்கக் கூடியது. சீனர்களின் வழக்கோ இதற்கு மாறானது. அங்கே சாயம் வெளுப்பதில்லை, ஏறுகிறது. ஏறியபின் அதுவே துணியின் குணமாகிவிடுகிறது. சாயமிடுதலைக் குறிக்கும் ஒரே சொல்லைக் கொண்டு ஒழுக்கம், கல்வி, பேராசை, நோய் ஆகிய அனைத்தையும் அவர்கள் பேசுகிறார்கள். வேதியியலில் சாயங்களைப் படித்தபோது எனக்கு அறிமுகமான இச்சொல்லின் கதையை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அச்சொல் 'ரான்'. அதன் எழுத்தைப் பிரித்துப் பார்த்தால் நீர், மரம், ஒன்பது என்ற மூன்று பகுதிகள் தெரியும். நீர், தோய்ப்பதற்கு. மரம், சாயம் தரும் தாவரத்திற்கு. ஒன்பது எதற்கு? பலமுறை தோய்க்க வேண்டும் என்பதற்காக என்று மரபாக விளக்கம் கூறுவர். ஒருமுறை முக்கி எடுத்தால் நிறம் ஆழமாகாது என்ற தொழில் அனுபவம் எழுத்துக்குள்ளேயே இடம்பெற்றுவிட்டது!

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மோ ட்ஸு என்ற தத்துவ அறிஞர், வெண்பட்டுக்குச் சாயமிடுவதைக் கண்டு பெருமூச்செறிந்தாராம். எந்தத் தொட்டியில் இடுகிறோமோ அந்த நிறத்தையே பட்டு பெறுகிறது. மனிதனும் அப்படித்தானே என்பது அவர் கவலை. அரசர்களும் தம்மைச் சூழ்ந்த அமைச்சர்களின் நிறத்தையே பெறுவர், நாட்டின் வாழ்வும் தாழ்வும் அதனால் அமையும் என்று அவர் பெயரால் வழங்கும் நூல் எச்சரிக்கிறது. இன்றும் சீனர்கள், மனிதரைக் கெடுக்கும் சூழலைப் 'பெரிய சாயத்தொட்டி' என்றே அழைக்கிறார்கள்.

சீன மொழியில் பெரும்பாலும் நான்கு எழுத்துகளால் அமையும் மரபுத்தொடர்களுக்குச் 'செங்யூ' என்று பெயர். 'யி சென் பூ ரான்' அவற்றுள் ஒன்று. 'ஒரு துகள் தூசியும் படியாத' என்பது பொருள். புலன்களை மயக்குபவற்றைத் தூசி என்று கூறும் பௌத்தச் சிந்தனையிலிருந்து வந்த தொடர் இது. இன்று துடைத்து வைத்த அறைக்கும், கையூட்டு வாங்காத அதிகாரிக்கும் இதே பாராட்டுதான். சேற்றில் முளைத்தும் கறைபடாத தாமரையைச் சான்றோருக்கு உவமையாக்கினார் சோ துன்யி (1017–1073). அவர் சொல்லும் இன்று மரபுத்தொடராகிவிட்டது.

கறைபட்ட கதையும் ஒன்று உண்டு. கி.மு. 605இல் செங் நாட்டின் கோமகனுக்குப் பெரிய ஆமை ஒன்று பரிசாக வந்தது. அரண்மனைக்குச் சென்றுகொண்டிருந்த பிரபு ஒருவரின் ஆள்காட்டி விரல் துடித்தது. "இப்படித் துடித்தால் எனக்கு அரிய உணவு கிடைக்கும்" என்று உடன் வந்தவரிடம் அவர் பெருமை பேசினார். இதை அறிந்த கோமகன், எல்லோருக்கும் ஆமைக்கறி கொடுத்து அவரை மட்டும் விட்டுவிட்டார். பிரபுவோ விரலைக் கொப்பரையில் தோய்த்துச் சுவைத்துவிட்டு வெளியேறினார். கோமகன் அவரைக் கொல்ல எண்ணினார். ஆனால் கொல்லப்பட்டதோ கோமகன்தான். தனக்கு உரிமையில்லாததில் கைவைப்பதை 'ரான் ஜி', அதாவது 'விரல் தோய்த்தல்' என்று இன்றும் குறிப்பிடுகிறார்கள்.

நகைச்சுவைக்கும் குறைவில்லை. கொஞ்சம் புகழ்ந்தாலே தலைகால் புரியாமல் ஆடுபவனை, "சிறிது வண்ணம் கொடுத்தால் சாயப்பட்டறையே திறந்துவிடுவான்" என்று கேலி செய்வர். அறிவியலும் இச்சொல்லை விடவில்லை. நாம் 'தொற்று' என்பதையும் 'மாசு' என்பதையும் குறிக்கும் சீனச் சொற்கள் இரண்டிலும் 'ரான்' உண்டு. குரோமோசோமுக்குச் சீனப் பெயர் 'சாயமேறும் பொருள்'. நிறமேற்றிய பின்னரே அது நுண்ணோக்கியில் நன்கு தெரிகிறது அல்லவா?

இத்தொடர்களுள் என் நெஞ்சைத் தொட்டது 'எர் ரூ மூ ரான்'. 'செவி நனைந்து, கண் சாயமேறி' என்பது பொருள். யாரும் கற்பிக்காமலே, நாள்தோறும் கேட்டும் பார்த்தும் படியும் அறிவை அது குறிக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆசிரியர் கேள்வியை முடிக்கும் முன்பே விடை சொல்லும் நண்பர்களைக் கண்டு, அது பிறவி அறிவு என்று முதலாண்டில் மருண்டேன். நமக்கு இந்த இடம் பொருந்தாதோ என்றுகூட நினைத்தேன். இத்தொடர்தான் விடை தந்தது. புத்தகங்களுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு முதல் சில தோய்ப்புகள் வீட்டிலேயே முடிந்துவிட்டன. எனக்கு அவை இங்கேதான் தொடங்கின. வேறுபாடு நூலில் இல்லை; தோய்த்த எண்ணிக்கையில்தான்.

நானும் வெறும் வெள்ளை நூலாக வரவில்லை. சொன்ன நாளில் கடனைத் திருப்பும் அப்பாவையும், விடியுமுன் எழுந்து வேலைக்குப் புறப்படும் அம்மாவையும் பார்த்து வளர்ந்தவன். அந்தச் சாயத்தின் மேல்தான் கல்லூரியின் சாயம் ஏற வேண்டும். அதை அழித்துவிட்டு அல்ல.

மாணவன் ஆசிரியரை விஞ்சுவதை 'சிங் சூ யூ லான்' என்பர். நீலம் அவுரியிலிருந்து பிறந்து அவுரியையே விஞ்சுகிறது என்ற ஷுன் ட்ஸுவின் கருத்து அது. சீனர் பெரிதும் பயன்படுத்திய செடி நம் அவுரி அன்று. ஆயினும் இரண்டும் தரும் நீலம் ஒன்றே. பச்சை இலையில் அந்த நீலம் கண்ணுக்குத் தெரியாது. நிறமற்ற சேர்மமாக ஒளிந்திருக்கிறது. இலையை ஊறவைத்து நொதிக்கவிட்டுக் காற்றோடு கலக்கும்போதுதான் நீலம் பிறக்கிறது. அது நீரில் கரையாததால், ஒடுக்க வினைக்கு உட்படுத்தி மஞ்சள்பச்சைக் கரைசலாக்குகிறார்கள். அதில் தோய்த்த துணியை வெளியே எடுத்ததும், காற்றின் ஆக்சிஜன் பட்டு நம் கண்முன்னே நீலமாகிறது. ஒவ்வொரு தோய்ப்பிலும் நிறம் ஆழமாகிறது.

நண்பர்களே, முதல் தோய்ப்பில் வெளிறிய நிறத்தைக் கண்டு துணியைக் குறை கூறும் சாயக்காரர் எவருமில்லை. மீண்டும் தோய்ப்பார். நாமும் தோய்வோம், அந்த எழுத்துக்குள் ஒன்பது இருக்கிறது என்பதை மறவாதிருப்போம்.