ஆவணப்படமும் தோட்டத்து மக்களின் ஐயமும்

தோட்டத்துத் திடலில் இரு கம்பங்களுக்கு இடையே வெள்ளைத் துணி கட்டி, ஜெனரேட்டர் இயந்திரத்தை முடுக்கிப் படம் காட்டிய செய்தி இலாகா வண்டியைக் கெடா மாநிலத்து முதியோர் பலர் அறிவர். கட்டணம் கிடையாது. பெண்டு பிள்ளைகளோடு பாய் விரித்து அமர்ந்து பார்க்கலாம். தமிழ் விளக்கவுரை படத்திலேயே பதிவாகி வருவதுண்டு. இல்லையேல் உடன் வந்த ஊழியர் ஒலிபெருக்கியில் சொல்வார். இப்படங்களைப் பெரும்பாலும் எடுத்தது மலாயாத் திரைப்படப் பிரிவு. போர் முடிந்தபின் 1946இல் ஆங்கில ஆட்சியினர் நிறுவிய அப்பிரிவே 1963இல் ‘பிலெம் நெகாரா மலேசியா’ எனப் பெயர் மாறிற்று.

கதைப்படத்தைப் பொய்யென்று அறிந்தே பார்க்கிறோம். ஆவணப்படமோ மெய்யென்று சொல்லிக்கொண்டு வருகிறது. அதற்கு ஆங்கிலப் பெயரை 1926இல் வழக்கிற் கொண்டுவந்த ஜான் கிரியர்சன், உள்ளதைக் கற்பனைத் திறத்தோடு கையாளுவதே அது என்று விளக்கினார். ‘உள்ளது’ என்பதைப் பற்றிக்கொண்டு ‘கையாளுவது’ என்பதை விட்டுவிடுவோர் பலர். தமிழாசிரியர்க்கு இதை விளக்கப் பெரியபுராணமே போதும். சுந்தரரைத் தம் அடிமை என்று வழக்காட வந்த முதியவர் காட்டியதும் ஆவணமே. கிழிபட்டது படியோலை, மூலவோலை வேறாக இருந்தது. திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் அந்த மூலவோலையையும் உடனே ஏற்றுவிடவில்லை. பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்ட பின்னரே ஏற்றனர்.

தோட்டத்து மக்களும் அந்த அவையத்தார் போன்றே ஒப்பிட்டனர். அவர்கள் கையில் இருந்த ஓலை சொந்த அனுபவம். 1946ஆம் ஆண்டளவில், சுங்கைப் பட்டாணிக்கு வடக்கே பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில், ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை தோன்றிற்று. கள்ளுக்கடையை மூட வேண்டும், கூலி உயர வேண்டும், துரையைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் எழுந்த காலம் அது. 1947இல் அவ்வட்டாரத்தில் போலீசாரோடு நேர்ந்த மோதல்களில் தொழிலாளர் உயிரிழந்தனர். பலர் சிறை புகுந்தனர். மறு ஆண்டே அவசரகாலம் வந்தது. பல தோட்டங்களில் லயங்களை ஓரிடத்தில் கூட்டி முள்வேலி போட்டனர். அந்த வேலிக்குள் வந்து நின்ற வண்டி, ‘அரசாங்கம் உங்கள் நண்பன்’ என்ற பொருளில் படம் காட்டிற்று. பார்த்தவர் ஐயுற்றிருந்தால் அதை அறியாமை என்பது தகாது. படம் சொன்னதனைத்தும் பொய்யும் அன்று. மலேரியாத் தடுப்பும் குழந்தை வளர்ப்பும் பற்றிய படங்களால் பயன் விளைந்ததுண்டு.

ஐயம் தோட்டத்தோடு நிற்கவில்லை. 1974 இறுதியில் ரப்பர் விலை வீழ்ந்து உணவுப் பண்டங்கள் விலையேறியபோது, சுங்கைப் பட்டாணிக்குக் கிழக்கேயுள்ள பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள், பெரும்பாலும் மலாய்க் குடியானவர், ஆயிரக்கணக்கில் திரண்டனர். நச்சுக் காட்டுக் கிழங்கைத் தின்று இறந்தனர் என்ற பேச்சு நாடெங்கும் பரவிற்று. அரசாங்கம் மறுத்தது. மறுப்பால் கொதிப்பு அடங்கவில்லை; டிசம்பரில் கோலாலம்பூரில் மாணவரும் கிளர்ந்தெழ, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர். கிழங்கு கொன்றதோ இல்லையோ, அரிசியின்றிக் கிழங்கு அவித்த வீட்டில் மறுப்பறிக்கை எடுபடுமா?

அதே பாலிங்கில்தான் விடுதலை வரலாற்றின் பெயர்பெற்ற படக்காட்சி ஒன்றும் உள்ளது. 1955 டிசம்பர் 28, 29ஆம் நாள்களில் அங்குள்ள பள்ளிக்கூடத்தில் துங்கு அப்துல் ரகுமான், டேவிட் மார்ஷல், டான் செங் லோக் ஆகியோர் கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்கோடு பேசினர். காட்டிலிருந்து வெளிவந்து நடந்துவரும் அந்த இளைஞரைப் படப்பொறி பதிந்தது. பேச்சு வார்த்தையோ செய்தியாளர் முன்னிலையில் நடைபெறவில்லை. கட்சிக்கு ஏற்பு வேண்டுமென்று ஒருவரும், சரணடைய வேண்டுமென்று மற்றவரும் நின்றதனால் பேச்சு முறிந்தது. படத்தில் முகம் கிடைக்கிறது, வாதம் கிடைக்கவில்லை. அதற்குப் பேச்சின் எழுத்துப் பதிவைத்தான் நாட வேண்டும்.

ஒரு படத்துக்குப் பணம் கொடுத்தவர் யார் என்று கேட்பது குறும்புக் கேள்வி அன்று. 1935இல் இலண்டன் சேரி மக்களையே படப்பொறி முன் நிறுத்தி, எலியும் மூட்டைப்பூச்சியும் பற்றி அவர்கள் வாயாலேயே சொல்லவைத்த ‘வீட்டு வசதிச் சிக்கல்கள்’ என்னும் படம், ஏழ்மை பற்றிய ஆவணப்படங்களுக்கு முன்னோடி. அதற்குப் பணம் தந்தது எரிவாயுத் துறை. புதிய வீடுகள் எழுந்தால் எரிவாயு அடுப்பு விற்கும்! ஆயினும் அம்மக்கள் சொன்னது மெய்யே. பணம் எவருடையது என்று அறிந்தபின்னும் சாட்சியத்தைத் தனியே நிறுத்துப் பார்க்கலாம்.

அரசாங்கத்தைச் சாராமல் எடுத்த படங்களும் உண்டு. காந்தியடிகள் பற்றிய காட்சிகளை உலகெங்கும் தேடிச் சேர்த்து, ஆங்கில ஆட்சி நடந்த 1940இலேயே தமிழில் வெளியிட்டவர் ஏ. கே. செட்டியார். மலேசியாவில் 2007இல் பாஹ்மி ரேசா எடுத்த ‘செப்பூலோ தாஹுன் செபெலும் மெர்டேக்கா’, 1947 அக்டோபர் 20ஆம் நாள் நடந்த கடையடைப்பை நினைவூட்டிற்று. அதை நடத்திய கூட்டணியில் மலாயா இந்தியர் காங்கிரசும் அங்கம் வகித்தது. இச்செய்தியை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? அதற்கு முந்திய ஆண்டில் அமீர் முகம்மது சின் பெங் வாழ்ந்த ஊர்களைத் தொடர்ந்து எடுத்த படம், தணிக்கை கடந்த பின்னும் தடை செய்யப்பட்டது. படத்தில் சின் பெங் தோன்றவேயில்லை! தடைப்பட்ட படமெல்லாம் உண்மை என்று கொள்வதும் பிழையே. அவையும் ஒப்பிட்டு நோக்க வேண்டியவை.

வகுப்பில் இதைச் செய்யப் பெருஞ்செலவு இல்லை. பாலிங் செய்திப்படம் இணையத்தில் கிடைக்கிறது. முதலில் ஒலியின்றிக் காட்டி, கண்டதை மட்டும் எழுதச் செய்யலாம். பின்னர் ஒலியோடு காட்டி, கண்ணால் காணாத எதை விளக்கவுரை சேர்த்தது என்று குறிக்கச் செய்யலாம். மூன்றாவது வேலை வீட்டில். 1947இல் பதினைந்து வயதினர் இன்று தொண்ணூறு கடந்தவர். பீடோங் வட்டாரத்தில் அவர்களுட் சிலரேனும் இருக்கக்கூடும். பேரப் பிள்ளைகளின் கைப்பேசியே படப்பொறி. தோட்டத்தின் பெயர், வேலைக்குச் சேர்ந்த ஆண்டு, அன்று வாங்கிய கூலி ஆகியவற்றை முதலிற் கேட்டுப் பதிந்துகொண்டு, பிறகு வண்டி வந்து படம் காட்டிய இரவைப் பற்றிக் கேட்கலாம்.