கோகோ டப்பாவும் தீப்பெட்டியும்

கருணை என்றதும் நம் மனம் ஒரு மரத்தடிக்குப் போய்விடுகிறது. மூடிய கண்கள், சாந்தமான முகம், தூரத்தில் ஒரு பறவைச் சத்தம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புத்தர் வகுத்த எண்வகை நெறியில் நற்கடைப்பிடி என்கிற விழிப்புணர்வு ஏழாவதாகத்தான் வருகிறது. அதற்கு முன்பே, ஐந்தாவதாக, நல்வாழ்க்கை வந்துவிடுகிறது. பிறரை வருத்தாமல் பிழைப்பது என்று அதற்குப் பொருள். ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தையும் விற்றுப் பிழைக்காதே என்று இல்லறத்தாருக்கே அவர் சொல்லியிருக்கிறார். செல்போன் செயலிகளில் இன்று சந்தா கட்டிக் கற்கும் தியானத்தில் ஏழாவது இருக்கிறது, ஐந்தாவதைக் காணோம். கடைக்குப் போகும்போது கண்ணை மூடிக்கொள்பவர், வீட்டுக்கு வந்து கண்ணை மூடித் தியானம் செய்வதில் என்ன விழிப்பு இருக்க முடியும்?

இந்த ஐந்தாவது நெறியைப் பொருளாதாரமாகவே யோசித்துப் பார்த்த தமிழர் ஒருவரைத் தேடினால், திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில் டி. கல்லுப்பட்டியில் இறங்க வேண்டும். ஜி. வெங்கடாசலபதி 1940-இல் அங்கே தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் ஜே.சி. குமரப்பா தன் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். 1892-இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தொழில் செய்து, பிறகு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்துவிட்டு 1929-இல் காந்தியிடம் வந்து சேர்ந்தார். கதர் உடுத்திய பிறகும் அவருக்குள் இருந்த ஆடிட்டர் ஓய்வு பெறவில்லை என்றே நினைக்கிறேன். மற்ற ஆடிட்டர்கள் ரூபாயோடு கணக்கை முடித்துக்கொள்வார்கள்; இவர் அதற்குப் பின்னாலும் போனார்.

கடையில் ஒரு டப்பா கோகோ வாங்குகிறோம். குமரப்பா அந்த டப்பாவைத் தணிக்கை செய்கிறார். கோகோ விளைந்தது மேற்கு ஆப்பிரிக்கத் தோட்டத்தில். அங்கே கறுப்பினத்தவரை வற்புறுத்தி வேலை வாங்கியிருக்கலாம். அதை ஏற்றி வந்த கப்பலின் கடல்வழி, கடற்படையின் பலத்தால் காக்கப்பட்டது. பொடியாக்கிய ஆங்கிலேயத் தொழிலாளிக்குக் கிடைத்தது அரைக்கூலி. இந்தியத் துறைமுகத்தில் அதற்குச் சலுகை வரி, காரணம் நாம் அடிமை நாடு. காசைக் கொடுத்து டப்பாவைக் கையில் வாங்குகிறவர் இத்தனைக்கும் பங்காளி ஆகிவிடுகிறார் என்பது அவர் வாதம். வாங்குவது தனி விருப்பம், அதில் தர்மம் அதர்மம் ஏது என்று நினைக்கிறவர்களுக்கு இது எரிச்சலூட்டும். ஆனால் இதில் எந்தக் கண்ணியைப் பொய் என்று தள்ளுவது?

குமரப்பா கிறிஸ்தவர், ஏசுவைப் பற்றிச் சிறையில் புத்தகம் எழுதியவர். அவரைப் பௌத்தத்தோடு முடிச்சுப் போடலாமா என்று கேட்கலாம். முடிச்சைப் போட்டது நான் இல்லை. பிரிட்டனின் நிலக்கரி வாரியத்தில் பொருளாதார ஆலோசகராக இருந்த இ.எஃப். ஷூமாக்கர் 1955-இல் பர்மாவுக்கு ஆலோசனை சொல்லப் போனார். சொல்லப் போனவர் கற்றுக்கொண்டு திரும்பினார். நல்வாழ்க்கை என்கிற அந்த ஐந்தாவது நெறியிலிருந்தே தொடங்கி 1966-இல் ‘பௌத்தப் பொருளாதாரம்’ என்ற கட்டுரையை எழுதினார்; 1973-இல் அது ‘சிறியதே அழகு’ நூலில் சேர்ந்து உலகம் சுற்றியது. உழைப்பு மனிதனுக்கு என்ன செய்கிறது என்று விளக்க வேண்டிய இடத்தில் அவர் எடுத்தாண்டது குமரப்பாவின் ‘நிலைத்த பொருளாதாரம்’ நூலின் வரிகளை. உடம்புக்குச் சோறு எப்படியோ, மனிதனின் உயர்ந்த இயல்புகளுக்கு உழைப்பு அப்படி என்பது அதன் சாரம். உழைப்பவரைத் தேய்க்கும் உழைப்பில் உருவான பொருள் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நட்டக் கணக்குதான் என்று இருவரும் ஒப்புகிறார்கள்.

இன்னொரு மறுப்பு கனமானது. பௌத்தக் கருணை என்றால் பசித்தவருக்குச் சோறிடுவதுதானே, மணிமேகலை கையிலிருந்த அமுதசுரபி அதற்குத்தானே? ‘மணிமேகலை’ காப்பியத்தையே சாட்சிக்குக் கூப்பிடலாம். அள்ள அள்ளக் குறையாத அந்தப் பாத்திரம் முதலில் கிடைத்தது ஆபுத்திரனுக்கு, மதுரையில், சிந்தாதேவி கோயிலில். நாடு வறண்டிருந்த காலத்தில் ஊரெல்லாம் உண்டது அவன் கையால். இந்திரன் மழையைக் கொட்டிப் பாண்டிய நாடு செழித்ததும் அவன் பாத்திரத்தை ஏந்தி ஊர் ஊராகப் போகிறான். பசிக்கிறது என்று சொல்ல ஆளில்லை. கடைசியில் மணிபல்லவத் தீவில் தனியே சிக்கி, பாத்திரத்தைக் குளத்தில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான். ஆபுத்திரனைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஈகைக்குப் பசித்தவர் தேவை. பசி எந்தக் கொடுக்கல் வாங்கலில் பிறக்கிறதோ அங்கே கை வைப்பது அதற்கு முந்திய கருணை.

அப்படியானால் ஏழை என்ன செய்வாள், இருப்பதில் மலிவானதைத்தானே வாங்க முடியும் என்பார்கள். உண்மை. பொறுப்பு, தேர்ந்தெடுக்கும் வசதியின் அளவுக்கே ஏறும். கூலிக்காரப் பெண்ணிடம் கோகோ டப்பாவின் கணக்கைக் கேட்பது அநியாயம். வாங்காமல் விட்டால் செய்கிறவர் பிழைப்பு போகாதா என்ற கேள்விக்குப் பதில், கல்லுப்பட்டிக்குத் தெற்கே சிவகாசியில் இருக்கிறது. தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகள் வேலை செய்வதை நிறுத்தினால் குடும்பம் பட்டினி கிடக்கும் என்று வெகுகாலம் நியாயம் சொன்னார்கள். 1996 டிசம்பரில் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நியாயத்தை உடைத்தது. ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும். குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித்தர வேண்டும், முடியாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும். வேலை இருக்கட்டும், விலையைச் சரியாகக் கொடு என்பதுதான் இதன் பொருள்.

அந்தச் சரியான விலையில் நம் பங்கைப் பார்ப்போம். 2007-இல் ஒரு ரூபாய் ஆன தீப்பெட்டி, மருந்தும் அட்டையும் மெழுகும் விலை ஏறிக்கொண்டே போக, 2021 டிசம்பர் வரை ஒரு ரூபாயிலேயே நின்றது. பதினான்கு வருடம் நாமும் அடுப்படியில் தினமும் அதை உரசினோம். இரண்டு ரூபாய் ஆன அன்றுதான் அது செய்தியானது.